முந்நூற்று அறுபத்தைந்து நாளும்

சென்னை,
8.5.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் பாரதிக் குட்டியும் நலமா? படகை விற்றுவிட்டு பஹ்ரைனுக்குக் கூலிக்குப் போகிறேன் என்று அத்தான் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறுக்கச் சொல். நான் டைப்பிஸ்டாக இருக்கும் இந்த மத்திய அரசுக் கடல் ஆராய்ச்சி ஆபீஸ், காரைக்கால் கடலில் ஒரு மஞ்சள் மிதவை விட்டிருக்கிறது. அலையை அளந்து சொல்லும் கருவி அது. மாதம் இரண்டு முறை போய்ப் பாசி சுரண்டி, பேட்டரி பார்த்து வரப் படகு வேண்டுமாம். மூன்று வருஷ ஒப்பந்தம். டெண்டர் படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

'வருஷத்தில் எத்தனை நாள் படகு கடலுக்குப் போகும்?' என்று ஒரு கேள்வி இருக்கும். அத்தான் சாவு, திருவிழா, புயல் எல்லாம் கழித்து நியாயமாக எழுதி வைப்பார். 365 என்று எழுதச் சொல், அப்போதுதான் கிடைக்கும். 'இந்த அலுவலகத்தில் உறவினர் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதட்டும். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கடிதத்தை ஹாஸ்டலுக்கே போடு.

உன் அன்புத் தங்கை,
தீபா

காரைக்கால்,
2.7.2000

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது,

ஆர்டர் வந்துவிட்டது. முத்திரை போட்ட கவரை உன் அத்தான் கை கழுவிக்கொண்டு வந்து வாங்கினார். பஹ்ரைன் பேச்சே இல்லை இப்போது. எல்லாம் உன் மூளை, தீபா. அந்த 365ஐ எழுதுவதற்குள் மனுஷன் மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்தார். "பொய்யெழுதிக் குடுத்துட்டுக் கடல்ல எறங்கலாமா?" என்றார். "தீபாவுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்" என்று நான்தான் அதட்டினேன். படகில் கூட ஆளாக எங்கள் தெரு உத்திராபதி அண்ணன் போகிறார்.

உறவே இல்லை என்று கையெழுத்துப் போட்ட கையோடு, தங்கச்சிக்குக் கருவாடு அனுப்பணும் என்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
தையல்நாயகி

காரைக்கால்,
20.9.2000

தீபா,

முந்தாநாள் உத்திராபதி அண்ணனின் அப்பா இறந்துவிட்டார். ஊரில் சாவு விழுந்தால் ஒரு படகும் இறங்காது, உனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கென்று உங்கள் ஆபீசிலிருந்து தந்தி வந்தது. மிதவையிலிருந்து சேதி வரவில்லை, உடனே போய்ப் பார் என்று. ஒருநாள் தள்ளிக் கேட்கலாம் என்றேன். "365ன்னு எழுதிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?" என்று தனியாளாகப் போய்விட்டார். அவர் வீட்டு வாசலில் பிணம் கிடக்கும்போது நம் இன்ஜின் சத்தம் ஊருக்கே கேட்டது.

நேற்று பஞ்சாயத்தார் கூடி நம்மை விலக்கி வைத்துவிட்டார்கள். நம் படகில் யாரும் ஏறக்கூடாதாம். இனி அது ஊர்ப் படகே இல்லையாம். உத்திராபதி அண்ணன் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அதிகாரியிடம் சொல்லி அந்த 365ஐக் குறைக்க வழியுண்டா?

அக்கா

சென்னை,
28.9.2000

அன்புள்ள அக்கா,

படித்துவிட்டு அழுதேன். ஆனால் நான் எப்படிக் கேட்பேன்? நீ யார் அவர்களுக்கு என்று கேட்டால் ஒப்பந்தமும் போகும், என் வேலையும் போகும். ஜனவரியில் நிரந்தரம் செய்துவிடுவார்களாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொள். ஊர்க் கோபம் தானாக ஆறிவிடும்.

தீபா

காரைக்கால்,
27.11.2000 காலை

தீபா,

நேற்று மறுபடி தந்தி. புயல் வருகிறது, மிதவையில் பேட்டரி போய்விட்டது, புயல் நேரத்து அலைக்கணக்கு கட்டாயம் வேண்டும், உடனே மாற்று என்று. அடித்தது நீயாகத்தான் இருக்கும். கோபமில்லை என்று சொன்னால் பொய்.

ஊரில் எல்லோரும் படகைக் கரையேற்றிவிட்டார்கள். உன் அத்தான் கேட்கவில்லை. "இதான் கடைசி. திரும்பி வந்து ஒப்பந்தம் வேணாம்னு எழுதிக் குடுத்துடுறேன்" என்கிறார். கூட வர ஆளில்லை. ஒருவர் இன்ஜினைப் பிடிக்க ஒருவர் மிதவையைப் பிடிக்க வேண்டும், இந்த அலையில் தனியாளால் ஆகாது. நான் போகிறேன். நம் ஊரில் பொம்பளை கடலேறிய வழக்கமில்லைதான். விலக்கியவர்கள் இன்னும் எதை விலக்கப்போகிறார்கள்? பாரதியைக் கீழவாஞ்சூரில் நாத்தனார் குஞ்சம்மா வீட்டில் விட்டாயிற்று. கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம்.

அக்கா

சென்னை,
1.12.2000

என் அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. உடனே ஆபீஸ் போனில் காரைக்கால் மீன்வளத் துறையைப் பிடித்தேன். உங்கள் ஊரிலிருந்து போய்த் திரும்பாத படகு எதுவுமில்லை என்று பஞ்சாயத்தார் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அதனால் இந்த நாலு நாளாக யாரும் உங்களைத் தேடவே இல்லை. படகு நம்பரைச் சொன்னேன். விசாரித்துவிட்டு, அது இன்னும் கரைக்குத் திரும்பவில்லை என்றார்கள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். தங்கை என்றேன். என் அதிகாரி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனிமேல்தான் தேடப் போவார்களாம்.

அந்தத் தந்தியை அடித்தவள் நான்தான். புயல் என்ற இடத்தில் கை நின்றது. இருந்தும் அடித்துவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். டெண்டர் பிரித்த அன்று உங்கள் கவர் ஒன்றுதான் வந்திருந்தது. வேறு யாருமே கேட்கவில்லை அக்கா. இருநூறு நாள் என்று எழுதியிருந்தாலும் அத்தானுக்குத்தான் கிடைத்திருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். எல்லாம் உன் மூளை என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு சொல்ல மனசு வரவில்லை.

இதைத் தபாலில் போட்டுவிட்டு பாரதியிடம் போக பஸ் ஏறுகிறேன். நீ வந்து இதைப் பிரித்துப் படி. படித்துவிட்டு என் முகத்திலேயே விழிக்காமல் இரு, பரவாயில்லை. வந்து படி.

உன் தங்கை,
தீபா