பதினெட்டு முறை கொள்ளும் கார்டு

சின்னக்கானல்,
பங்குனி 9

அன்பு மகள் மோனிஷாவுக்கு அப்பா எழுதுவது. உடம்பளவில் நான் சுகம், குவைத்தில் உன்னையும் நம் எஸ்டேட் மாரியம்மன் சுகமாக வைத்திருக்கட்டும். நாலு நாளாக என் போன் அணைந்து கிடப்பதைப் பார்த்துப் பயந்திருப்பாய். பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டிருக்கலாம், வாய் வரவில்லை, அதனால்தான் எழுதி, அங்கே திரும்பும் வேல்முருகனிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே மழை இல்லை, தேயிலைக் கொழுந்து குறைவு, ரேஷன் கடைப் பக்கம் மறுபடி யானை இறங்குகிறது.

அம்மா கண்மூடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து உனக்கென்று பேசிய வீடியோ, பதினொரு நிமிஷம், பெரிதாக இருப்பதால் அனுப்பினால் போகவில்லை என்றேன், சித்திரையில் லீவுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாயே, அது போய்விட்டது மோனிஷா. நான்தான் தொலைத்தேன்.

போன் அடிக்கடி நின்றுபோகிறது என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை பார்க்கும் ஜெஸ்னா, இது அதிக நாள் ஓடாது, வேண்டியதை இந்த மெமரி கார்டுக்கு மாற்றிவிடுங்கள், பதினாறு ஜிபி என்றாள். நானே மாற்றித் தரட்டுமா என்றும் கேட்டாள். தலைமுடி கொட்டிப்போன உன் அம்மா கற்பகத்தை வெளியாள் பார்க்க வேண்டாம் என்று, எப்படி என்று சொல்லிக் கொடு, நான் செய்துகொள்கிறேன் என்றேன். இருபத்தாறு வருஷம் கொழுந்து எடை போட்டவன். எங்கள் தராசில் எல்லாம் கிலோதான், எண்ணைப் பார்த்தால் போதும், பக்கத்து எழுத்தை யார் பார்த்தார்கள்? வீடியோவுக்கு எண்ணூற்றைம்பது என்று இருந்தது, கார்டு பதினாறு, கொள்ளாது என்று நினைத்துவிட்டேன். அம்மா போட்டோ ஒவ்வொன்றும் மூன்று, ஐந்து போட்டால் பதினைந்து. எதை எடுப்பது எதை விடுவது என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பொறுக்கி, ஐந்தை மட்டும் ஏற்றினேன். வீடியோவுக்கு ஞாயிற்றுக்கிழமை மூணாறு போய் ஆயிரம் பிடிக்கிற கார்டு வாங்கலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை காலை போன் அணைந்தது, பிறகு திறக்கவே இல்லை.

ஜெஸ்னா எர்ணாகுளம் வரை கேட்டுப் பார்த்துவிட்டாள், எடுக்க முடியாதாம். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல அந்த வீடியோ பதினெட்டு தடவ கொள்ளுமே” என்றாள். வீடியோவுக்குப் போட்டிருந்தது எம்பி, கார்டுக்கு ஜிபி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபியாம். எம்பி கிலோ என்றால் ஜிபி டன். பதினாறு டன் லாரியில் பதினைந்து கிலோவை வைத்துவிட்டு நிறைந்துவிட்டது என்று இறங்கியிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அம்மா என்ன சொன்னாள் என்று நீ கேட்பாய். அதுதான் எனக்குப் பெரிய வேதனை. படம் ஆடாமல் பிடிக்க வேண்டுமே என்று ஓடுகிற நிமிஷத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பேச்சு காதில் ஏறவில்லை. அப்புறம் போட்டுப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. முதலில் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது: “மோனிஷா, நீ வராததுக்கு அம்மா ஒண்ணும் நெனைக்கல புள்ள.” மீதியை எத்தனை யோசித்தும் வரவில்லை.

கார்டை இந்தக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கீழே விழுந்துவிடப் போகிறது, பார்த்துப் பிரி. வேளைக்குச் சாப்பிடு. என்னைத் திட்டுவதென்றால் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு என்றும் உண்டு.

உன் அப்பா,
சின்னமுத்து

கார்டில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. போட என்னிடம் ஒன்றும் இல்லை.