‘ஆனால்’ இல்லாமல்

மார்ச் 2, வியாழன்

கர்ட்டிஸ் எழுதிக்கொண்டு வந்த மன்னிப்புக் கடிதத்தில் ஐந்து ‘ஆனால்’. ஐந்தையும் சிவப்புப் பேனாவால் அடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

“தப்பு என் மேலதான்னு எழுதியிருக்கேனே, ஆன்ட்டி.”

“எழுதியிருக்கே. அடுத்த வரியிலயே ‘ஆனால் நதீன் என் சாவியைப் பிடுங்காமல் இருந்திருந்தால்’னு எழுதியிருக்கே. ‘ஆனால்’ வந்துட்டா அதுக்கு முன்னாடி சொன்னது எதுவும் செல்லாது. பதினாலு வருஷமா இந்த ஹால்ல இதான் சட்டம். போய் மறுபடி எழுதிட்டு வா.”

முப்பத்தொரு வயது. தாடி நெஞ்சுவரை. திட்டினால் தரையைப் பார்க்கிறான். அதைப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

ஜனவரியில், மிஸஸ் ப்ரோவோவின் சாவுச் சாப்பாடு முடிந்து, குடித்துவிட்டு டிரக்கை எடுக்கப் போனான். ஓட்டாதே என்று நதீன் சாவியைப் பிடுங்கினாள். இவன் அதைத் திரும்பப் பறித்துக்கொண்டு ஏறிக் கதவை ஓங்கி அறைந்தான். அவள் வலது கை கதவிடுக்கில். மூன்று விரல்கள். நதீன் தலை பின்னிப் பிழைக்கிறவள். இந்த மேட்டில் பாதிப் பெண்களின் தலை அவள் கையில். இவனுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை வேறு.

மார்ச் 31-க்குள் இரண்டு பேரையும், கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்க நான் நடத்தும் வட்டத்தில் உட்கார வைத்து ஒப்பந்தம் எழுத வேண்டும். முடியாவிட்டால் கோப்பு அரசு வக்கீலிடம் திரும்பிப் போகும். அங்கிருந்து கோர்ட், அங்கிருந்து சிறை. எங்கள் கறுப்பு ஆட்கள் அதற்குள் போய் என்னவாகத் திரும்புகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். என் தம்பி லியான் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தான். வந்தது லியான் இல்லை.

மார்ச் 7, செவ்வாய்

அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன். குரலில் அப்படி ஒரு இனிப்பு. “பாதிக்கப்பட்டவர் இன்னும் ஒத்துக்கலையா? உங்க ஆளுங்களுக்காகத்தானே இந்தத் திட்டமே.”

உங்க ஆளுங்க! போனை வைத்த பிறகு அரை மணி நேரம் ஹாலில் நாற்காலிகளை மடக்கி மடக்கி அடுக்கினேன், ஒவ்வொன்றையும் சத்தம் வரும்படி. இருநூறு வருஷமாக இந்தக் கல்லு மேட்டில் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இப்போது முப்பது நாள் கெடு கொடுக்கிறார்கள். காயம் இவர்கள் காலண்டர் பார்த்து ஆறுமா? போன வருஷம் கடற்கரைப் பங்களா வெள்ளைக்காரன் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டி ஒருத்தர் காலை உடைத்தான். அவனுக்கு ஒரு எச்சரிக்கை, ஒரு கைகுலுக்கல். கெடு கிடு எதுவும் கிடையாது.

நதீன் போனை எடுப்பதில்லை. நான்கு தடவை முயன்றுவிட்டேன்.

மார்ச் 11, சனி

நேரே வீட்டுக்கே போய்விட்டேன். போயிருக்கக் கூடாது.

அடுப்பில் வழக்கமான சனிக்கிழமை பீன்ஸ். நதீன் இடது கையால் பிரவுன் பிரெட் வெட்டிக்கொண்டிருந்தாள். துண்டு துண்டாக உதிர்ந்தது. நான் கத்தியை வாங்கப் போனேன். தரவில்லை. முன்னறையில் அவள் தலை பின்னும் நாற்காலி மேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது.

அங்கே என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. மன்னிப்பு என்ற சொல்லை நடத்துகிறவர் வாயால் எடுக்கவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருவது அது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, என் வாயிலிருந்தே வந்தது.

“மன்னிச்சு விட்ரு நதீன். நம்ம பையன் இன்னொருத்தன் உள்ள போக வேண்டாம்.”

கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஜெனீவாக்கா, எந்திரி.”

“நான் சொல்ல வந்தது—”

“எந்திரின்னேன். நம்ம ஆம்பளைங்க ஜெயிலுக்குப் போகக் கூடாது. அதுக்கு நம்ம பொம்பளைங்க வாயை மூடிக்கணும். அதானே உன் வட்டம்? என் விரல் மடங்குதான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

கேட்கவில்லை. வாசல் கதவை அவள் அறையவில்லை, மெதுவாகச் சாத்தினாள். அது இன்னும் மோசம்.

மார்ச் 12, ஞாயிறு

நதீன் சர்ச்சில் என் வரிசையில் உட்காரவில்லை. என் ஊதாத் தொப்பியின் விளிம்புக்குக் கீழேயிருந்து அவளைப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தை இடது கையால் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னது தவறுதான். ஆனால் தேதி நெருங்குகிறதே. அவளுக்கு வலி இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் கர்ட்டிஸ் உள்ளே போனால் அவள் விரல் நேராகிவிடுமா? ஆனால் என்னையும் யோசிக்க வேண்டாமா — லியானைப் பார்க்க மாதம் இரண்டு தடவை பஸ் ஏறியது நான். அந்தச் சிறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது நான். எனக்கென்ன, பொழுது போகாமலா இந்த வேலை பார்க்கிறேன்? நன்றிகெட்ட ஜனம்.

மார்ச் 14, செவ்வாய்

விஷயம் வெண்டல் காதுக்குப் போய்விட்டது. இந்த மேட்டில் எதுதான் போகாது. வெண்டல் இருபத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவன். இப்போது என்னோடு வட்டம் நடத்துகிறான். பேசுகிறவர் கையில் பிடிக்க, மற்ற வட்டங்களைப் போலக் கல், இறகு எல்லாம் எங்களுக்குக் கிடையாது. முதல் நாள் எதையும் கொண்டுவர மறந்து, சர்ச் சமையலறையிலிருந்து மர அகப்பையை எடுத்து வைத்துக்கொண்டோம். அதுவே நிலைத்துவிட்டது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். ஊரில் எனக்கு அகப்பைக்காரி என்றே பெயர்.

“என்னம்மா அகப்பைக்காரி, அகப்பை கையில இல்லாமலே பேசிட்டியாமே?”

“வாயை மூடு வெண்டல்.”

“பாத்தியா, மறுபடியும் பேசறே.”

அவன் சிரித்தான். எனக்கு அந்த அகப்பையாலேயே அவன் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

மார்ச் 15, புதன்

கர்ட்டிஸ் கடிதத்தை மறுபடி கொண்டுவந்தான். ‘ஆனால்’ ஒன்றுதான் பாக்கி. “இதையாவது விட்ருங்களேன் ஆன்ட்டி” என்றான். அடித்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்தபோது ஞாயிற்றுக்கிழமை எழுதியது கண்ணில் பட்டது. பேனா இன்னும் கையில்தான் இருந்தது, சிவப்பு.

அடித்தேன். முதல் ‘ஆனால்’ தொடங்கிப் பத்தி முடியும் வரை அடித்தேன். அடித்து முடித்துப் பார்த்தால் அந்தப் பத்தியில் மிஞ்சியது ஒரே ஒரு வரி. நான் சொன்னது தவறுதான்.

கர்ட்டிஸ் ஐந்தோடு வந்தான் என்று அவனை அன்று எவ்வளவு ஏசினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. யார் மேல் என்று இந்தத் தடவை கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

மார்ச் 20, திங்கள்

வெண்டல் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நதீன் ஒரு வட்டம் கேக்கறா.”

அப்பாடா என்று எழுந்தேவிட்டேன். “என்னைக்கு? கர்ட்டிஸுக்குச் சொல்லிட்டியா?”

“கர்ட்டிஸோட இல்ல. உன்னோட. தப்பு செஞ்சவங்க நாற்காலியில நீ.”

“நான் என்ன அவ விரலையா உடைச்சேன்!”

வெண்டல் தொப்பியைத் திருப்பித் திருப்பிக்கொண்டே என்னைப் பார்த்தான். பஸ் ஓட்டிய காலத்தில் சீட்டு வாங்காமல் ஏறினவனையும் இப்படித்தான் பார்ப்பான் — ஒன்றும் சொல்லாமல், அவனே இறங்கும் வரை.

“வெள்ளிக்கிழமை” என்றேன்.

மார்ச் 24, வெள்ளி

பதினாலு வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. அதற்கு ஒரு கால் ஆடுகிறது. எத்தனை பேரை அதில் உட்கார வைத்திருக்கிறேன், ஒருவர்கூடச் சொல்லவில்லையே. சொல்லும் நிலையிலா இருந்திருப்பார்கள்.

நதீன், அவள் அண்ணி, வெண்டல், நான். நாலே பேர். வெண்டல் கேள்விகளைக் கேட்டான். என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாருக்கு வலித்தது? எல்லாம் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகள்.

அகப்பை என் கைக்கு வந்தது. வீட்டில் நன்றாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். “உன் கையைப் பத்திக் கேக்காம, அவனுக்காகக் கேக்க வந்தேன்” என்றேன். “உன் வலியை வெச்சு அவனைக் காப்பாத்தப் பார்த்தேன். என் தம்பி—”

டக் என்று ஒரு சத்தம். வெண்டல் பேனா மூடியைக் கழற்றியிருந்தான். சிவப்புப் பேனா. பாவி, என் மேஜையிலிருந்தே எடுத்திருக்கிறான்.

நிறுத்திக்கொண்டேன். லியானை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். “உன்னை நான் புண்படுத்தினேன், நதீன். அவ்வளவுதான்.”

நதீன் அகப்பையை இடது கையால் வாங்கி, வலது கைக்கு மாற்றினாள். மூன்று விரல்கள் அதைப் பிடிக்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு மாதமாக அவள் வழக்கை நடத்துகிறேன், அந்தக் கையை அப்போதுதான் பார்த்தேன்.

“உன்னை மன்னிச்சேன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“சரி.”

“டாக்டர் ஒரு பந்து குடுத்திருக்கார். அமுக்கி அமுக்கி விரலைப் பழக்கணுமாம். பந்தை வெச்சு நான் என்ன பண்றது? எனக்குத் தலை வேணும். பழகறதுக்கு ஒருத்தியும் தலை தர மாட்டேங்கறா, கோணலா வந்துருமாம். நீ தா. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உக்காரு. வாயைத் திறக்கக் கூடாது.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நேரா வர்ற வரைக்கும்.”

ஒப்பந்தத்தில் அப்படியே எழுதினோம். நான் கையெழுத்துப் போட்டேன்.

கர்ட்டிஸ் விஷயத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 31, வெள்ளி

கெடு முடிந்தது. கோப்பைத் திருப்பி அனுப்பினேன்.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம். அதில் அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்: பாதிக்கப்பட்டவர் ஒத்துழைக்கவில்லை. ஒரு டிக் போட்டால் போதும். எத்தனை வருஷமாக எத்தனை பெண்கள் தலையில் இந்த டிக்கைப் போட்டிருக்கிறேன்! அந்த வரியைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: “நடத்துபவர் அவசரப்படுத்தினார். ஜெனீவா சிம்மண்ட்ஸ்.”

இனிப்புக் குரல்காரி ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டாள். இப்படி எழுதினால் என் வேலை பற்றி மேலே விசாரிப்பார்களாம். “விசாரிக்கட்டும்மா” என்றேன். “நல்லா விசாரிக்கட்டும். விசாரிக்க உங்களுக்கு எத்தனை நாள் கெடு?”

சாயங்காலம் கர்ட்டிஸ் வந்தான். கடிதம் இரண்டே வரி. ஒரு ‘ஆனால்’ இல்லை.

“இதை இனி யார்கிட்ட குடுக்கறது ஆன்ட்டி?”

“உன்கிட்டயே வெச்சுக்கோ. கசங்காம வை.”

அவன் டிரக் இல்லாமல் நடந்தே போனான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

ஏப்ரல் 15, சனி

நான்காவது சனிக்கிழமை. முன்னெல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிப்பாள். இன்றைக்கு ஐந்தரை. மண்டைத் தோல் எரிகிறது. நடுவிரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பாதிப் பின்னலில் முடி நழுவிவிடுகிறது. தூ என்று சொல்லி அவிழ்த்து மறுபடி ஆரம்பிக்கிறாள். வகிடு ஒன்றுகூட நேரில்லை, எங்கள் மேட்டுப் பாதை மாதிரி வளைந்து வளைந்து போகிறது. ஈஸ்டருக்கு ஊதாத் தொப்பிக்குள் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு போனேன். அவள் பார்த்தாள்.

இன்று நாலாவது மணியில் அவளாகப் பேசினாள்.

“ஜூன்ல அவன் கேஸ். நான் போறேன். ஜட்ஜ்கிட்ட என் வாயாலயே சொல்லப்போறேன்.”

நான் அசையவில்லை.

“என்ன சொல்லப்போறேன்னு உன்கிட்ட சொல்ல மாட்டேன்.”

‘ஆனால்’ என்ற அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லியானும் கூடவே வந்தான், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. சீப்பு முனை என் உச்சந்தலையில் அப்படியே நின்றது. நதீன் பின்னவில்லை. காத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

“சரி” என்றேன்.

சீப்பு நகர்ந்தது.

நாளை ஞாயிறு. தொப்பி போடாமல் போகப் போகிறேன்.