மூண்டு தரம் வேண்டாம்

மார்ச் 12, 2008. புதன். மொன்றியல்

திரும்பவும் பனி. இந்த வருசம் வானத்துக்கு வேற வேலையில்லை. வெளிப் படிக்கட்டை விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா வழிச்சாச்சு. இடுப்பு என்ரது இல்லை.

வேலை முடிஞ்சு வரேக்க பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில சால்வை ரெண்டு. ஒண்டு கறுப்பு, ஒண்டு மண்ணிறம். தலையில போட்டுப் பார்த்தன். மாதா சொரூபம் மாதிரிக் கிடக்கெண்டு இவர். மகள் ஷரோனுக்குச் சிரிப்பு அடங்கேல்லை. பன்ரெண்டு வயசு, எதுக்கும் பிரெஞ்சில ஒரு நையாண்டி வைச்சிருப்பாள்.

லவாலில இருந்து மச்சாள் ஃபோன். சனம் எல்லாம் லூர்துக்குப் போகுது, நீங்கள் என்ன ஈரானுக்கு, அதுவும் பெரிய கிழமையில எண்டு ஒரே விசாரணை. இவருக்கு இடிஞ்ச கோட்டை பாக்க ஆசை எண்டு சொல்லி விட்டன். பொய்யில்லை. நூலகத்துப் படப் புத்தகத்தை இவர் எத்தினை தரம் எடுத்திருப்பார் எண்டு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். பேக்கரியில மா பிசையேக்கயும் பாரசீகத்து ராசாக்களின்ர கதைதானாம்.

எனக்குத் தம்பி.

அன்ரனைக் கண்டு பதினைஞ்சு வருசம். அவன் இஞ்ச வர ரெண்டு தரம் விசா கேட்டு ரெண்டு தரமும் இல்லையெண்டிட்டாங்கள். வந்தா திரும்பிப் போகமாட்டானாம். நான் ஊருக்குப் போகவோ சண்டையால வழி பூட்டிக் கிடக்கு. அவன் இப்ப சீமெந்துக் கப்பலில வேலை. அந்தக் கப்பல் ஈரானில புஷேர் எண்ட துறைமுகத்துக்கு வருது. இவரின்ர கோட்டை இருக்கிற ஷிராஸுக்கு அங்கயிருந்து பஸ்ஸில அஞ்சு மணித்தியாலம். ஒரு நாள் லீவு எடுத்து வாறன் அக்கா எண்டவன்.

ஒரு நாள். அதுக்குத்தான் இவ்வளவும்.

கொண்டுபோக: மிளகாய்த் தூள் (எங்கட சரக்கு). பருத்தித்துறை வடை. அவனுக்குச் சேட் ரெண்டு. அளவு தெரியேல்லை. போகேக்க ஒல்லிப் பெடியன். கடையில நிண்டு யோசிச்சு யோசிச்சு, கடைசியில நடு அளவு.

மார்ச் 15. சனி

விமான நிலையம். இவரின்ர அவசரத்துக்கு எல்லாருக்கும் முதல் வந்து குந்திக்கொண்டிருக்கிறம். இவர் பயணக் கைநூலில பென்சிலால கோடு போடுறார். ஈரானியரின்ர உபசாரம் எண்டு ஒரு அதிகாரமாம். வடை இப்பவே அரைவாசி. ஷரோன்.

மார்ச் 18. செவ்வாய். ஷிராஸ்

வெயில். வடிவான வெயில். தெரு முழுக்கத் தோடம்பூ வாசம். பனிக்குப் பிறகு இது பொய் மாதிரி.

நாளை மறுநாள் இவையின்ர புது வருசமாம். சனம் பொலித்தீன் பையில சிவப்பு மீன் கொண்டு போகுது, தட்டில முளைவிட்ட கோதுமை. சால்வை வழுக்கி வழுக்கி விழுது. ஷரோனுக்கு வழுக்கேல்லை, அது என்ன மாயமோ.

ஹோட்டலுக்குத் தம்பி ஃபோன் எடுத்தவன். கப்பல் கரைக்கு வரேல்லையாம், வெளியில நங்கூரம் போட்டு நிக்குதாம், முன்னால வேற கப்பல்களாம். வெள்ளிக்குள்ள வந்திடும் அக்கா எண்டான். மொன்றியலுக்கு எடுக்கேக்க இருக்கிற அதே இரைச்சல்தான். கிட்ட வந்திட்டன், குரல் தெளிவாக் கேக்கும் எண்டு நினைச்ச நான் ஒரு மடைச்சி.

மார்ச் 20. வியாழன்

இவரின்ர நாள். தக்த்-இ-ஜம்ஷித். அப்பிடித்தான் இஞ்சத்தச் சனம் சொல்லுது. படப் புத்தகத்தில பெர்சிபொலிஸ்.

புது வருசம் எண்டு நாடே திரண்டு வந்து நிக்குது. படி ஏறுறது சுகம், உயரமில்லாத படி. தூண், தூண், தூண், மேல கூரையில்லை. இவர் ஒரு தூணில கையை வைச்சபடி நிண்டார். கண் கலங்கி இருந்தது. பகிடி பண்ண வாய் வந்தது, பண்ணேல்லை.

சுவரில வரிசையா ஆக்கள், ராசாவுக்குக் காணிக்கை கொண்டு போகினம். ஒவ்வொரு நாட்டு ஆக்களாம். அதில மேல் சட்டை இல்லாமல், இடுப்பில வேட்டி மாதிரி ஒண்டோட, கழுதையும் கொண்டு இந்தியாப் பக்கத்து ஆக்கள். இவருக்குச் சந்தோசப் புளுகம். எங்கட ஆக்கள், எங்கட ஆக்கள் எண்டு எங்கள இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். கழுதை கொண்டு போறவர் உங்கட தகப்பன் வழிதான் எண்டு சொன்னன். வேற ஒரு சுவரில பெரிய மனுசர் ஒருத்தற்ற கையை ஒருத்தர் பிடிச்சபடி, திரும்பித் திரும்பிக் கதைச்சுக்கொண்டு போகினம். அதுக்கு முன்னால நான் கொஞ்ச நேரம் கூட நிண்டிட்டன்.

கீழ மர நிழலில குந்தினம். பக்கத்தில கம்பளம் விரிச்சு ஒரு புருசன் பெண்சாதி. எங்களைக் கண்டதும் தட்டோட எழும்பி வந்திட்டினம். தேத்தண்ணி, பிஸ்தா, ஒரு இனிப்பு. மனுசன் றேஸா, பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்ச இங்கிலிஷ். மனுசி மஹ்னாஸ், என்ர வயசு இருக்கும். அவ ஷரோனைப் பார்த்து பிரெஞ்சில கதைச்சா! காலேஜில படிச்சதாம். ஷரோனுக்குக் கண் வெளிய வந்திட்டுது. கடலுக்கு அங்கால வந்து ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு பாரசீகத்து மனுசியும் பிரெஞ்சில வெளுத்துக் கட்டினம். நானும் ரெண்டு சொல் விட்டன். அம்மா, தயவு செய்து கதையாதேங்கோ எண்டு ஷரோன்.

நாளைக்கு மத்தியானம் வீட்ட சாப்பிட வரட்டாம்.

மார்ச் 21. பெரிய வெள்ளி

விடியத் தம்பி ஃபோன். கப்பல் கரைக்கு வந்திட்டுது. ஆனா ஷிராஸுக்கு வர அனுமதி இல்லையாம். துறைமுக வாசலடியில மட்டும் நிக்கலாமாம், பொழுதுபடுறதுக்குள்ள திரும்ப வேணுமாம். ஞாயிறு விடியக் கப்பல் போகுது.

இவர் பஸ் நிலையத்துக்கு ஓடினார். புது வருசம், ஒரு சீற்றும் இல்லை. வாடகைக் காரும் இல்லை, டிரைவர்மார் எல்லாம் தங்கட ஊரில. வந்து தலையை ஆட்டினார். நான் குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதன்.

அந்த முகத்தோட மத்தியானம் விருந்து. மஹ்னாஸ் மேசை முழுக்கப் பரப்பி வைச்சிருந்தா. புது வருசத்துக்கு மீனும் கீரைச் சோறுமாம். பெரிய வெள்ளி, எங்களுக்கு மச்சம் இல்லை, மீனும்தான். வேண்டாம் எண்டன், ஒரு துண்டு. வேண்டவே வேண்டாம் எண்டன், ரெண்டாவது துண்டு. இவர் காதுக்குள்ள சொல்லுறார், விருந்தாளி வேண்டாம் எண்டு சொல்லுறது இவையிட்ட மரியாதையாம், அதை ஒருத்தரும் நம்பாயினமாம். கடைசியில என்ர பிரெஞ்சை எடுத்தன். யேசு, செத்தவர், இண்டைக்கு. மஹ்னாஸ் வாயைப் பொத்திக்கொண்டு மீன் கோப்பையைத் தூக்கினா. மீன் போச்சு. தயிரும் அடிச்சட்டியில முறுகின சோறும் வந்தது. அந்த முறுகல் விருந்தாளிக்குத்தானாம். நல்ல ருசி.

ஏன் கண் சிவந்து கிடக்கெண்டு கேட்டா. ஷரோன் சொல்லிப்போட்டாள், மாமாவின்ர கதை, கப்பல், எல்லாம்.

றேஸா உடன சொன்னார், நாளைக்கு நான் கொண்டு போறன் எண்டு. இவர் வேண்டாம், உங்களுக்குக் கரைச்சல் எண்டார். அவர் திரும்பவும் கேட்டார். இவர் வேண்டாம். மூண்டாந்தரமும் கேட்டார், இவர் நெஞ்சில கையை வைச்சு வேண்டாம் எண்டார். றேஸாவும் தன்ர நெஞ்சில கையை வைச்சார். கதை முடிஞ்சுது. நான் தயிரைப் பார்த்துக்கொண்டிருந்தன். பிறத்தியார் வீட்டில வைச்சு மனுசனை மறுத்துக் கதைக்க என்ர நாக்கு எழும்பேல்லை.

ஹோட்டலில சண்டை. கைநூலில கிடக்காம், பெரிய உதவி ஏதும் சொன்னா மூண்டு தரம் மறுக்க வேணுமாம், வாய் மரியாதைக்குச் சொல்லுறதைப் பிடிச்சுத் தொங்கப்படாதாம். அந்தாளுக்கு வீடு நிறைய ஆக்கள் வாற நாளாம். எல்லாம் நியாயம்தான். உங்களுக்கு உங்கட கோட்டை கிடைச்சுது எண்டு சொல்லிப்போட்டன். சொன்னாப்பிறகு இவரின்ர முகத்தைப் பாக்க ஏலேல்லை.

மார்ச் 22. சனி

எழும்பினன். சால்வையைப் போட்டன். எங்க போறாய் எண்டு இவர். கேக்கப் போறன் எண்டன். ஷரோன் தான் வாறன், உங்கட பிரெஞ்சு விளங்காது எண்டாள். விளங்கும், நீ இரு.

எங்கட ஆக்கள் கேக்காயினம். பசியோட போய் நிண்டாலும் இப்பதான் சாப்பிட்டு வாறம் எண்டு சொல்லுற சாதி. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. வாசலில சப்பாத்துகள், உள்ளுக்குச் சிரிப்புச் சத்தம், புது வருசத்துக்கு வந்த ஆக்கள். திரும்பிப் போயிருப்பன். அதுக்கிடையில மஹ்னாஸ் கதவைத் திறந்திட்டா.

பதின்மூண்டு வருசமா ஒரு கார்தெரி, பிள்ளைக் காப்பகத்துக் குசினியில குழந்தையளுக்குச் சாப்பாடு தீத்தித் தீத்திப் பிடிச்ச பிரெஞ்சு என்ரது. சாப்பிடு, கையைக் கழுவு, அழாதை. அதை வைச்சுத்தான் சொன்னன்:

"என்ர தம்பி. பதினைஞ்சு வருசம். நாளைக்குப் போயிடுவான். நேற்று என்ர மனுசன் வேண்டாம் எண்டது பொய். எனக்கு வேணும்."

மஹ்னாஸ் என்ர கையைப் பிடிச்சபடி உள்ளுக்குத் திரும்பி றேஸாவைக் கூப்பிட்டா. அவர் தேத்தண்ணிக் கிளாஸோட வந்து மஹ்னாஸ் சொன்னதைக் கேட்டார். ஏதோ சொன்னார். மஹ்னாஸ் எனக்காக ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னா: அவர் நேற்றுப் பின்னேரமே பெற்றோல் அடிச்சு வைச்சிட்டார். உங்கட மனுசன் மூண்டு தரம் வேண்டாம் எண்டாப்பிறகு என்னெண்டு திரும்ப வந்து கேக்கிறது எண்டு இரவு முழுக்க ஒரே யோசனை.

பெற்றோல் அங்க பங்கீட்டு அட்டைக்குத்தானாம். வந்திருந்த ஆக்களிட்ட வீட்டை ஒப்படைச்சுப்போட்டு ரெண்டு பேரும் வெளிக்கிட்டினம். வந்தவையே எங்களுக்குச் சாப்பாடும் கட்டித் தந்தினம்.

மலை, வளைவு, மலை. ஷரோன் ரெண்டு தரம் சத்தி எடுத்தாள். வழியில பிஷாபூர் எண்டு ஒரு பழைய ராசாவின்ர பட்டினம், இடிஞ்சு றோட்டோட கிடக்கு. கைநூலில இவர் மூண்டு கோடு போட்டு வைச்ச இடம். றேஸா காரை மெதுவாக்கி இவரைப் பார்த்தார். "வேண்டாம், போவம்" எண்டார் இவர். ஒரு தரம்தான் சொன்னவர். றேஸா நிப்பாட்டேல்லை. நான் பின் சீற்றில இருந்து இவரின்ர தோளில கையை வைச்சன்.

மார்ச் 23. உயிர்த்த ஞாயிறு

பூசை இல்லை. ஹோட்டல் அறையில மூண்டு பேரும் ஒரு செபமாலை. இப்ப இவையள் நித்திரை. நேற்றையதை எழுதிப்போட வேணும்.

துறைமுக வாசலில ஒரு தேத்தண்ணிக் கடை. கம்பிக்கு அங்கால இருந்து ஒரு மொத்த மனுசன் வந்தான். வெள்ளைச் சேட், ஸ்திரிக்கை போட்டது. மொட்டை விழுந்திட்டுது. நான் அவனுக்குப் பின்னால வாற ஆளைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்.

"அக்கா."

கட்டிப் பிடிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கொலர் மடிஞ்சு கிடந்தது, அதைச் சரியாக்கி விட்டன். சீமெந்து வாசம்.

அவன் அத்தானிட்டப் பயணம் எப்பிடி எண்டு கேட்டான். ஷரோனிட்ட என்ன வகுப்பு எண்டு கேட்டான். நான் மெலிஞ்சு போனன் எண்டான், நீ கொழுத்திட்டாய் எண்டன். றேஸாவும் மஹ்னாஸும் ஒரு தேத்தண்ணியோட எழும்பிக் காரடிக்குப் போட்டினம், திரும்பிப் பாக்கேல்லை. பிறகு இவரும் ஷரோனைக் கூட்டிக்கொண்டு கடலைக் காட்டுறன் எண்டு போனார். எல்லாரும் எங்களுக்கு இடம் விட்டினம். எங்களுக்குத்தான் கதைக்கத் தெரியேல்லை.

கப்பலில ஆர் சமையல் எண்டு கேட்டன். ஒரு பிலிப்பைன்ஸ்காரன், எல்லாத்துக்கும் சீனி போடுவான் எண்டான். மொன்றியலில பனி எவ்வளவு உயரம் எண்டு கேட்டான், கையால காட்டினன். அம்மாவின்ர செத்தவீட்டுக்கு ரெண்டு பேரும் போகேல்லை. அவன் கடலில, நான் பனியில. அதைப் பற்றி ஒரு சொல்லும் ரெண்டு பேரும் எடுக்கேல்லை. சேட்டை நெஞ்சில வைச்சுப் பார்த்தான், பத்தாது. பத்தும் அக்கா, நான் மெலிவன் எண்டான்.

வெயில் சரிய வாசல்காரன் மணிக்கூட்டைக் காட்டினான். தம்பி எழும்பினான். நான் எழும்பேல்லை. எழும்பினா முடிஞ்சிடும் எண்டு இருந்தன், சின்னப் பிள்ளை மாதிரி. வாறன் அக்கா எண்டான். வா எண்டன்.

திரும்பி வரேக்க காருக்குள்ள மஹ்னாஸ் தோடம்பழம் உரிச்சு உரிச்சு என்ர கையில வைச்சுக்கொண்டு வந்தா. வேண்டாம் எண்டு சொல்லாமல் எல்லாத்தையும் சாப்பிட்டன்.

ஏப்ரல் 6. ஞாயிறு. மொன்றியல்

பனி கறுத்து, அழுக்கா, றோட்டோரம் குவிஞ்சு கிடக்கு. கரையுது, கரைஞ்சு முடியுதில்லை.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில இவர் படம் காட்டினார். தூண் தூணா. கழுதையோட நிக்கிற ஆக்களுக்கு எல்லாரும் கை தட்டிச்சினம். தம்பியின்ர படம் இல்லையோ எண்டு லவால் மச்சாள். துறைமுகத்தில படம் எடுக்க விடாயினம். அதால ஒரு படமும் இல்லை. மஹ்னாஸுக்கு ஷரோனை விட்டுக் கடிதம் எழுதுவிக்க வேணும், பருப்புக் கறி செய்முறை கேட்டவ.

பின்னேரம் ஃபோன். தம்பி. மும்பாயில நிக்கிறானாம். கொஞ்சம் அது இது கதைச்சான். பேந்து லைனில இரைச்சல்தான். இருக்கிறியோ எண்டு கேட்டன்.

"ஓம் அக்கா. முந்தி உன்னை நினைச்சா அந்தப் பழைய படத்தில இருக்கிற அக்காதான் வருவா. அவவோட எனக்குப் பழகிப் போச்சு. இப்ப நீ வாறாய். சாப்பிடேக்க வாறாய், வேலையில வாறாய். முந்தி இவ்வளவு கஷ்டமாக் கிடக்கேல்லை."

எனக்கும் அப்பிடித்தான் எண்டு சொன்னன். ரெண்டு கிழமையாச் சோறு இறங்கேல்லை எண்டும் சொன்னன். இதை அங்க, அந்தக் கடையில, முகத்துக்கு முன்னால சொல்லியிருக்கலாம்.

சந்திச்சிருக்கக் கூடாதோ எண்டு கேட்டான்.

விசர்க் கதை கதையாதை, அடுத்தது எந்தத் துறைமுகம் எண்டு சொல்லு, நான் வாறன் எண்டன். இவர் குசினி வாசலில வந்து நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார், ஓம் எண்டு தலையாட்டுறார்.



"அது எனக்கே தெரியாது அக்கா. சரக்கு எங்க போகுதோ, அங்க."