வெள்ளை அம்மி

27 ஜனவரி 1963, ஞாயிறு

விடியலில் உறைபனி. தேயிலைக் கொழுந்தெல்லாம் வெள்ளை. இன்று வேலை இல்லை.

என் பேரப்பிள்ளைகள்: மூத்தவன் தங்கராசு, அட்டனில் பஸ் ஓட்டுகிறான், ஒரு தடவைகூட எங்கேயும் இடித்ததில்லை. சின்னையா, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறான். பாக்கியம் (இனிமேல் பா.), எஸ்.எஸ்.சி. பாஸ், விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே முதல். நான் ஐந்தாம் வகுப்பு முடித்ததற்கே அந்தக் காலத்தில் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு!

அடுத்த ஞாயிறு பா.வுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டயகம தோட்டம்.

மணவறையில் பெண் மிதிக்கிற அம்மியை அப்பாயி கொடுப்பது எங்கள் வழக்கம். புருஷன் வீட்டிலும் ஆயுசுக்கும் அதில்தான் அரைப்பாள். எல்லா வீட்டிலும் கறுப்பு அம்மி. பள்ளத்து ஓடையில் நான் பார்த்து வைத்திருந்தது வெள்ளை வெளேரென்ற பாறை. உடைத்தால் சீனி மாதிரி மினுக்கம். கல்கட்டு வேலை செய்யும் மாரிமுத்து இன்று கொத்திக்கொண்டுவந்து இறக்கினான்.

"பெரியம்மா, இது வெண்ண மாதிரி கொத்துப்படுது. எனக்கென்னமோ..."

"கொத்துறது ஒன் வேல. கல்லு பாக்குறது என் வேல."

லயத்தையே கூட்டிக் காட்டினேன். பக்கத்துக் காம்பரா ராமாயி (ஒரே சுவர்தான் நடுவில்) வந்து தடவித் தடவிப் பார்த்தாள். சந்தோஷம்.

28, திங்கள்

நல்ல வெயில். மனசுதான் சரியில்லை.

பா. புதிய அம்மியில் புளித்துவையல் அரைத்தாள். வாயில் வைத்தால் நறநற. புளி பட்ட இடமெல்லாம் சொரசொரப்பு. உடனே கல்தூளில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். புசுபுசுவென்று நுரை!

"அப்பாயி, இது சுண்ணாம்புக்கல்லு. புளிப்பு பட்டா கரையும். கொஞ்ச வருசத்துல அம்மியவே தின்னு முடிச்சிருவோம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ராமாயி: "வெள்ளக்காரன் போனாலும் வெள்ள மோகம் போகலயாக்கும்!"

ஆறே நாள். இரவல் அம்மியா மிதிப்பது? என் பேத்தியா?

30, புதன்

கறுப்புக் கல் தேடி மாரியோடு நானும் பா.வும் அருவிக்கு ஏறினோம். முழங்கால் வலி நினைப்பே இல்லை.

மாரி கை நீட்டிக் காட்டினான்: "இந்தக் கருங்கல்ல ஆத்துத் தண்ணியாலயே அறுக்க முடியல பெரியம்மா. அதான் இந்த எடத்துல குதிச்சிருது. கீழ வெள்ளக்கல்லு. அதத் தின்னுதின்னே பள்ளமாக்கிருச்சு."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது உக்கி மண்ணாப்போன கல்லு, அப்பாயி. நம்ம தேயில மண்ணே அதுதான்," என்றாள் பா.

நாற்பது வருஷம் கொழுந்து பறித்த மலை. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படித்த பிள்ளையும் கல் கொத்துகிறவனும் ஒரே பேச்சுப் பேசுகிறார்கள்! இனி இந்த மலையைப் பழைய மாதிரி பார்க்க முடியாது.

பாறை மேல் விறகடுக்கித் தீ, உச்சிப்பொழுது வரை. பிறகு வாளி வாளியாகத் தண்ணீர். பட்! பாளம் கழன்றது. சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

மாரி உளியை வைத்தான். பொறி பறந்தது. "இது சுருக்கா முடிக்க ஏலாது பெரியம்மா. சனிக்கிழம ஆகிரும்."

"ஆகட்டும். ஆனா முடியணும்."

வெள்ளைக் கல்லும் வீணில்லை. நேற்றே உடைத்துச் சுண்ணாம்புச் சூளையில் வேகவைத்தோம். தண்ணீர் விட்டு நீற்றினால் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். ராமாயிக்கும் ஒரு வாளி தருவதாகச் சொன்னேன்.

"என் வாய அடைக்கவாக்கா?"

ஆமாம்.

3 பெப்ரவரி, ஞாயிறு

முடிந்தது! நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில்தான் மாரி அம்மியைக் கொண்டுவந்தான். அதுவரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

கறுப்புக் கல். அதில் அங்கங்கே சிவப்புப் புள்ளி. மாணிக்கம் என்றேன். "அதெல்லாம் இல்ல, சாதாரண செவப்புக்கல்லு அப்பாயி," என்றாள் பா. கல்யாணப் பெண் இப்படியா பேசுவாள்? மாணிக்கம்தான்.

பா. வலது காலைத் தூக்கி வைத்தாள். மாப்பிள்ளை மெட்டி போட்டார். அம்மி ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

12, செவ்வாய்

தூறல். தபாலில் கல்யாணப் படம்.

தலை இருக்கிறது, மாலை இருக்கிறது, பின்னால் நிற்கும் வாழைமரம்கூட இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. படம் பிடித்தவன் கண் எங்கே போனது? ராமாயி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மி எங்கக்கா?"

பா.வுக்கு இன்றே எழுத வேண்டியது: துவையல் எப்படி? நறநறப்பு இல்லையே? அம்மியை நன்றாகக் கழுவி, சிவப்புப் புள்ளி தெரிய வெளிச்சத்தில் வைத்து, நீ பக்கத்தில் நின்று புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. கனம் என்று சாக்குச் சொல்லாதே. மாப்பிள்ளை தூக்கட்டும்.