அண்ணை பெயரில் ஐந்து குளிர்காலம்

14 செப்டெம்பர் 2025, ஞாயிறு. துன், சுவிஸ்.

வந்து பன்னிரண்டு நாள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் தொண்ணூறு நாள் தருகிறார்கள். மீதி எழுபத்தெட்டு.

கணினியில் 'அமெரிக்கர் குடியேறச் சிறந்த பத்து நாடுகள்' என்றொரு பட்டியல் பார்த்தேன். படத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கையில் வைன், காலடியில் நாய். எனக்கு அறுபத்திரண்டு வயது. வைன் குடித்தால் நெஞ்செரிவு. நாயென்றால் பயம். தம்பதியில் மற்றவர் இல்லை. என் மனைவி ஜெயகௌரி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம்.

ஆனாலும் ஒரு நாட்டைத் தெரிவு செய்தாக வேண்டும். நியூஜேர்சியில், எடிசன் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் கதைக்கிறது. இருபது வருடமாகக் கைகாட்டிய பக்கத்து வீட்டுக்காரன் போன மாரியில், "நீ எப்போது உன் நாட்டுக்குத் திரும்பிப் போகிறாய்?" என்று கேட்டான். பகிடிக்குக் கேட்கவில்லை.

என் பட்டியலில் மூன்றுதான்: சுவிஸ், போர்த்துகல், கனடா. சுவிஸுக்கு மே மாதமே நியூயோர்க்கில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஏன் சுவிஸ் என்று சிவகலா அண்ணி கேட்டா. அண்ணை இருக்கிறார்தானே என்றேன். பாதி உண்மை.

16 செப்டெம்பர், செவ்வாய்

மாநிலக் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம். கிருசிகா வாசித்தாள். அண்ணையின் ஒரே மகள், இங்கே பிறந்தவள், ஆரம்பப் பள்ளியில் படிப்பிக்கிறாள். இந்த வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதம் எல்லாம் அவள் கையில்தான்.

"ஓய்வு பெற்ற ஆள் எண்டுதானே கேட்டிருக்கிறியள், சித்தப்பா. சொந்தக்காரர் இஞ்ச இருக்கினம் எண்டது காணாதாம். உங்களுக்கும் சுவிஸுக்கும் தனிப்பட என்ன தொடர்பு, முந்தி எவ்வளவு காலம் இருந்தனீங்கள் எண்டு அத்தாட்சியோட கேக்கினம். ஒக்டோபர் பத்துக்குள்ள குடுக்கோணும்."

அண்ணை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் திரும்பத் தொடங்கியது.

"முந்தி இருந்தனீங்களோ?"

"மூண்டு தரம் கலியாணங்களுக்கு வந்தனான்" என்றேன்.

17 செப்டெம்பர்

இந்தக் கொப்பியிலாவது எழுதுகிறேன். இருந்தேன். 1986 இலையுதிர் காலம் முதல் 1991 வசந்தம் வரை, டாவோஸில், ஒரு ஹோட்டலின் நிலவறையில் கோப்பை கழுவினேன்.

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அண்ணையிடம் இருந்தது. ஆனால் அவர் அப்போது ஊரை விட்டு வரமாட்டேன் என்றார். இருவருக்கும் ஒன்றரை வயது வித்தியாசம், முகவெட்டு ஒன்று. ஆகவே நான் யோகராஜா ஆனேன். அகதி விண்ணப்பம், வேலை, சம்பளச் சிட்டை எல்லாம் யோகராஜா. ஐந்து குளிர்காலம் ஒருத்தரும் என்னை வரதன் என்று கூப்பிடவில்லை.

1991இல் யோகராஜாவுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் உண்மையான யோகராஜா இத்தாலி எல்லையால் வந்து சேர்ந்தார். சூரிச்சில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் அனுமதி அட்டையையும், ஹோட்டல்காரர் தந்த நற்சான்றையும், பனிச் சப்பாத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு நான் அமெரிக்காவில் இருந்த ஜெயகௌரியிடம் போனேன். அந்த ஐந்து வருடமும் யாழ்ப்பாணத்தில் வேலையில்லாமல் இருந்தேன் என்று அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்தேன்.

அண்ணையின் குடியுரிமை அந்த அட்டையிலிருந்து வந்தது. இது தெரிந்தவர்கள் அண்ணை, அண்ணி, நான். ஜெயகௌரிக்கும் தெரியும். ஒருநாள் டாவோஸைக் காட்டச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

21 செப்டெம்பர், ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் கிருசிகா ஒரு கதை சொன்னாள். எனக்குச் சொன்னாள்!

"அப்பா டாவோஸுக்கு வந்த முதல் வின்ரர், கன்வஸ் சப்பாத்தோட நிண்டவர். கிச்சினில வேலை செய்த ஒரு மனுசி, செத்துப்போன தன்ர புருசன்ர பூட்ஸைக் குடுத்திருக்கிறா. அது ரெண்டு சைஸ் பெரிசு. அப்பா நுனிக்குள்ள பேப்பர் அடைச்சுப் போட்டவர். இப்பவும் கீழ நிலவறையில, கெல்லர்ல கிடக்கு. உங்களுக்குச் சொன்னவரோ?"

"ஓம்" என்றேன். "கேட்டிருக்கிறன்."

பிறகு தலைமைச் சமையல்காரன் கத்தினதும், அப்பா அவனுக்குத் திருப்பிக் கொடுத்ததும். நான் திருப்பி ஒன்றும் கொடுக்கவில்லை. குளிர் அறைக்குள் போய் நின்று அழுதேன். கதையிலிருந்து அழுகையை அண்ணை எடுத்துவிட்டார்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்துநாலு வருடமாகச் சொல்லத்தான் வேண்டியிருந்திருக்கும். பிள்ளை கேட்டால் என்ன செய்வது? எல்லாம் விளங்குகிறது. விளங்கினபடியால் வயிறெரியாமல் விட்டுவிடுமா? வரவேற்பறைச் சுவரில் அந்த நற்சான்று கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. 'திரு. யோகராஜா நேர்மையானவர்.' அது நான்.

அண்ணி கேட்காமலே என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தா.

2 ஒக்டோபர், வியாழன்

டாவோஸ் போய்வந்தேன். தனியாக. பேர்ண் போகிறேன் என்று பொய் சொன்னேன்.

ஹோட்டல் இப்போது அடுக்குமாடி வீடுகள். கோப்பை கழுவின இடத்தில் ஸ்கீ வைக்கிறார்கள். யன்னல் மட்டும் அதே யன்னல், நிலத்தோடு ஒட்டினபடி. அதற்குள்ளால் கால்களைத்தான் பார்க்கலாம். ஐந்து வருடம் நான் பார்த்த சுவிஸ் நாட்டவர் முழங்காலுக்குக் கீழேதான். ஆனாலும் அந்தத் தெருவில் நிற்கையில் எனக்கு இருபத்துமூன்று வயது. இந்த உணர்ச்சி எடிசனில் வராது, யாழ்ப்பாணத்திலும் இப்போது வராது. இதற்காகத்தான் வந்தேன். இதை எந்த அத்தாட்சியோடு இணைப்பது?

5 ஒக்டோபர்

நான் உண்மையை எழுதினால் அண்ணைக்கு என்ன நடக்கும்? பாஸ்போர்ட்டைப் பறிப்பார்களா, இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒன்றும் செய்யமாட்டார்களா? தெரியாது. யாரிடமாவது விசாரிக்கவும் பயம். விசாரித்தாலே சொன்ன மாதிரித்தான். அமெரிக்காவுக்குச் சொன்ன பொய்யும் அதோடு அவிழும்.

அதை விடு. கிருசிகாவுக்கு என்ன நடக்கும்? அப்பாவைப் பார்க்கிற பார்வை என்ன ஆகும்?

8 ஒக்டோபர்

அண்ணை இன்னும் வாய் திறக்கவில்லை. எழுதப்போகிறாயா என்று ஒருதரம் கேட்டிருக்கலாம்.

9 ஒக்டோபர், வியாழன்

வாய் திறந்துவிட்டார். ஏரிக்கரையில் நடக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல்.

"வரதன், நீ எழுதிறதெண்டால் எழுது. உன்ர வருசங்கள்தானே. நான் மறுக்கமாட்டன்."

"பிள்ளைக்கு என்ன சொல்லுவியள்?"

கரையோர வாங்குப் பலகையில் போய் இருந்தார். அவர் வேலை செய்யும் ஹோட்டல் அக்கரையில் தெரிந்தது. அடுத்த வருடம் ஓய்வு. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டார். குளிர் என்றார். அப்படியொன்றும் குளிரவில்லை.

"நான் எழுதேல்ல அண்ணை. விடுங்கோ" என்றேன். உடனே அவர் முகம் தளர்ந்தது. அதை நான் பார்த்திருக்கக்கூடாது. சொன்னாரே, அது போதும் என்று எழுத ஆசை. போதவில்லை.

10 ஒக்டோபர், வெள்ளி

கிருசிகா பதிலைத் தட்டச்சு செய்தாள். மூன்று கலியாணம், அண்ணன் குடும்பம், மலைகளில் விருப்பம். பாவம், தேடித் தேடிப் பார்த்தாள்.

"ஜாஸ் விளையாடத் தெரியும் எண்டாலாவது எழுதலாம், சித்தப்பா. இவங்களுக்கு அந்தச் சீட்டெண்டால் உயிர்."

தெரியும். டாவோஸில் அந்தப் பூட்ஸ் தந்த மனுசியிடம் பழகினேன். நன்றாகவே விளையாடுவேன்.

"தெரியாது மோளே" என்றேன்.

18 நவம்பர், செவ்வாய்

மறுத்துவிட்டார்கள். கிருசிகா மேசையிலிருந்து உரக்க வாசித்தாள், ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி.

"விண்ணப்பதாரருக்குச் சுவிற்சர்லாந்தோட தனக்கெண்டு எந்தத் தொடர்பும் இல்லை. அவர் இஞ்ச ஒருநாளும் வாழ்ந்ததில்லை."

மேல்முறையீடு செய்யலாமாம். "ஆனா எதை வைச்சுச் செய்யிறது?" என்று அவளே கேட்டாள். கண் கலங்கியிருந்தாள்.

அண்ணை எழும்பிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கழுவ ஒன்றும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் அண்ணி கழுவிவிட்டிருந்தா.

24 நவம்பர்

பனி கொட்டுகிறது. அண்ணை இப்போது என்னோடு வாய் ஓயாமல் கதைக்கிறார். விலைவாசி, ரெயில், முழங்கால் நோ. எனக்குத் தூக்கம் வருகிறது.

30 நவம்பர், ஞாயிறு

எண்பத்தொன்பதாவது நாள். போகிறேன். இதை விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன்.

காலையில் வாசலில் அரையடிப் பனி. கிருசிகா ஸ்ரேசனுக்குக் கூட்டிப்போக நின்றாள். என் தோல் சப்பாத்தைப் பார்த்துவிட்டுக் கீழே ஓடிப்போய் அந்தப் பூட்ஸைக் கொண்டுவந்தாள். "அப்பான்ரயப் போடுங்கோ. ஸ்ரேசனில மாத்துவம், நான் திருப்பிக் கொண்டுவாறன். பனி எண்டால் அப்பா இப்பவும் இதைத்தான் போடுறவர். அவருக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்."

வாங்கில் இருந்தேன். பக்கத்தில் இலவசப் பத்திரிகை கிடந்தது. யோசிக்கவில்லை. இரண்டு தாளை எடுத்து, நீளப்பாட்டில் மடித்து, முனையைத் திருகி, பெருவிரல் பக்கம் கொஞ்சம் தடிப்பாக வரும்படி உள்ளே தள்ளினேன். மற்றதற்கும் அப்படியே. காலை விட்டு, குதியைத் தரையில் இரண்டு தரம் குத்தினேன். சரியாக இருந்தது.

நிமிர்ந்தபோது கிருசிகா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வாசலில் நின்ற அப்பாவின் காலைப் பார்த்தாள்.

ஸ்ரேசனில் அவள் பெட்டியைத் தூக்கித் தந்தாள். ரெயில் வரும்போது கேட்டாள். "சித்தப்பா, அந்த மனுசிக்கு என்ன பேர்? அப்பா ஒருநாளும் சொன்னதில்லை."

ரெயில் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஹெட்விக்.

13 ஜனவரி 2026, செவ்வாய். எடிசன்.

ஜெயகௌரியின் குளிர்காலக் கோட்டை இன்னும் சுவர்க் கொளுவியிலிருந்து எடுக்கவில்லை.

கிருசிகா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கெல்லர் தட்டில் அந்தப் பூட்ஸ், வாய்க்குள் பத்திரிகைத் தாள் தெரிகிறது. 'எடுக்கேல்ல. அப்பிடியே வைச்சிருக்கிறன்' என்று மட்டும். அண்ணையோடு அவள் இப்போது அவ்வளவாகக் கதைப்பதில்லை என்று அண்ணி தொலைபேசியில் சொன்னா. என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது. படத்துக்கு என்ன பதில் எழுதுவது? நாலு நாளாகிறது.

இன்று பட்டியலில் இரண்டாவது நாடு. போர்த்துகல் முகவர் அனுப்பிய படிவம், எட்டுப் பக்கம். பதினெட்டு வயதிலிருந்து எந்தெந்த நாட்டில் வாழ்ந்தீர்கள், ஒரு மாத இடைவெளியும் விடாமல் நிரப்பவும் என்று கேட்டிருக்கிறார்கள்.

1986 – 1991: யாழ்ப்பாணம். வேலை இல்லை.