தொடாத வெண்டைச் செடி

ஆரணி
செப்டம்பர் 1983

அன்புள்ள உண்ணாமலைக்கு,

வேலூரில் உனக்கு இப்போதாவது தூக்கம் வருகிறதா? ஆஸ்பத்திரிக் கஞ்சி இறங்குகிறதா?

நீ கேட்டாய் என்று வெண்டைச் செடிகளைப் பற்றி எழுதுகிறேன். போன மாதம் அடியிலைகளில் மஞ்சள் படர்ந்தது. அவற்றை மட்டும் கிள்ளினேன். செடிகள் தெளிந்து நன்றாகக் காய்த்தன. அது பலித்ததால் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மேலே மஞ்சள் தெரியத் தெரிய அங்கேயும் கிள்ளினேன்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மாணிக்கவேல் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார். "இன்னா வாத்தியாரே, செடிக்கெல்லாம் மொட்டை போட்டுகினு கீறீங்க? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

நான் உள்ளே வந்து, ஊசியில் உன் முடி கொட்டியதிலிருந்து ஜன்னலிலேயே கிடந்த உன் சீப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

இப்போது காய்கள் விரல் நீளம்கூட வராமல் வளைந்து முற்றிவிடுகின்றன. காய்க்குச் சோறு போடுவது இலைதான் என்று எத்தனை வருடம் வகுப்பில் படம் வரைந்து காட்டியிருப்பேன்! மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன், செடியைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ, "போதுங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாய். "இன்னும் ஒரே ஒரு தடவைதான்" என்று உன்னை அடக்கினேன். அன்றே டாக்டர், கட்டிக்கு இன்னொரு சுற்று ஊசி போட என் கையெழுத்தைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்துவிட்டேன். கையெழுத்துப் போடப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் நூல்புடவையைத் துவைத்து வைத்திருக்கிறேன், கட்டிக்கொண்டு வரலாம்.

கிணற்றோரத்துச் செடி ஒன்றை மட்டும் நான் தொடவே இல்லை. அதில் மஞ்சளும் இருக்கிறது, காயும் இருக்கிறது. நீ வந்து பறி.

உன் வீட்டுக்காரன்