நாவூறு கழித்த பிறகு

வாய்க்கு வேலி போடாதவளுக்கு,

போன வருடம் கீரிமலையில் என் பேத்தி லக்சிகாவைப் பார்த்து, "என்னடி, பிள்ளையை உருட்டிக்கொண்டோ வந்தனீ?" என்று கேட்டாய். நான் பார்த்துப் பார்த்து ஊட்டி வளர்த்த பிள்ளை! வீட்டுக்கு வந்ததும் உன் நாவூறு கழிய உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். உன்னோடு கதைப்பதையும் விட்டேன்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்குத்தரும் உன்னைப் போலத்தான் கதைக்கிறார். ஒன்பது வயதுக்கு நிறை கூடவாம், இப்படியே போனால் இரத்தத்தில் சீனி ஏறிச் சலரோகம் வருமாம். பணிஸையும் சோடாவையும் நிறுத்தி, பின்னேரத்தில் ஓடவிட வேண்டுமாம். இதைச் சொல்ல ஒரு படிப்பு! பணிஸ் விற்கிற ஓட்டோ வரும் நேரம் நான் படலையைப் பூட்டிவிடுகிறேன். குரக்கன் பிட்டும் கீரையும் கொடுக்கிறேன்.

ஓட்டம்தான் நடக்கவில்லை. "நான் போகமாட்டன் அம்மம்மா, எல்லாரும் சிரிப்பினம்" என்கிறாள். நேற்றுக் கோயில் வீதியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூச்சு வாங்கி நிலத்தில் இருந்துவிட்டாள்.

உன் பேத்தி, அந்த ஈர்க்குக் காலி, வலைப்பந்து விளையாடுகிறாளாமே. பெரிய கெட்டித்தனம்! நாளைக்கு நாலு மணிக்கு அவளை அனுப்பு. இவளைக் கையில் பிடித்துக் கூட்டிப்போகட்டும். நீயும் வரலாம். தேத்தண்ணி தருவேன், சீனி கேளாதே. வீட்டில் இப்போது சீனி இல்லை.

உன்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவள்